ஒரு செடி, இரண்டு பெயர்கள்

தென்காசி, குற்றாலம் பக்கம் வேலியோரத்தில் பூக்கும் ஒரே செடிக்கு இரண்டு பெயர்கள்: நித்தியகல்யாணி, சுடுகாட்டு மல்லி. ஒன்று என்றும் மங்கலம், மற்றது மயானம். பெண்ணுக்கும் ஊர் ஒதுக்கிய இடங்கள் இவ்விரண்டுதாம்.

செடி இந்தக் கணக்குக்குள் அடங்கவில்லை. அதன் இலையில் நைட்ரஜன் அணு இடம்பெற்ற வளையங்களைக் கொண்ட ஆல்கலாய்டுகள் உள்ளன. அவற்றில் ஒன்றான வின்பிளாஸ்டின் 1958இல் கனடாவில் பிரித்தெடுக்கப்பட்டுப் புற்றுநோய் மருந்தானது. அதில் ஒரு கிராம் பெற ஏறத்தாழ 500 கிலோ காய்ந்த இலை வேண்டும். ஆகவே, இலையில் கூடுதலாகக் கிடைக்கும் கேதரான்தினையும் விண்டோலினையும் இரும்பு உப்பின் உதவியால் பிணைத்து, அதை ஆய்வகத்திலேயே உருவாக்கும் முறை வந்தது.

இந்தச் செடியின் ஆல்கலாய்டுகளைக் கல்கத்தாவில் நெடுங்காலம் ஆராய்ந்தவர் அசீமா சாட்டர்ஜி. இந்தியப் பல்கலைக்கழகத்தில் டி.எஸ்சி. பட்டம் பெற்ற முதல் பெண், ஆண்டு 1944. 1967இல் கணவரை இழந்தார். ஊர் வைக்கும் இரண்டாவது பெயருக்குள் அவர் ஒடுங்கவில்லை. 1975இல் இந்திய அறிவியல் மாநாட்டின் முதல் பெண் தலைவரானார்.

தென்மாவட்ட மானாவாரி நிலங்களில் இதே செடியைக் கூலிக்குப் பறிக்கும் பெண்களுக்கு எந்த மருந்துக் குப்பியிலும் பெயரில்லை. அந்த வளையங்களின் வரலாறு அவர்கள் கையிலிருந்துதான் தொடங்குகிறது.