கழுவிப் பயன்படுத்தும் ஆயில் ஃபில்டர்

டீசல் எஞ்சினில் காகித ஃபில்டருக்குப் பதிலாக மாட்டப்படும் துருப்பிடிக்காத எஃகு வலை ஃபில்டர். ஆயில் மாற்றும்போது தூக்கி எறியாமல் கழுவி மீண்டும் பொருத்தலாம். பழைய வண்டிக்கு மாட்ட எஞ்சின் பிளாக்கின் மரைக்கேற்ற அடாப்டர் தேவைப்படலாம். மரையும் கேஸ்கெட்டும் சேர்ந்தால் மட்டும் போதாது. ஃபில்டர் அடைத்துக்கொண்டால் ஆயிலுக்கு மாற்று வழி விடும் பைபாஸ் வால்வு, வண்டிக் கம்பெனி சொன்ன அழுத்தத்தில் திறக்க வேண்டும். இல்லையேல் பேரிங்குக்கு ஆயில் போகாது. இதில் சமரசமே கூடாது.

வலையை மண்ணெண்ணெயில் அலசி, உள்ளிருந்து வெளிப்புறமாகக் காற்றடித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள். ஓரிடத்தில் கிழிந்திருந்தாலும் ஆகாது. மடிப்புகளில் மின்னும் உலோகத் துகள் தெரிந்தால் எஞ்சினுக்குள் தேய்மானம் என்று பொருள்.

டீசல் கரி ஒரு மைக்ரானுக்கும் குறைவானது; வலை அதைப் பிடிக்காது. ஆகவே ஆயில் மாற்றும் கெடுவை நீட்டக் கூடாது. கனரக எஞ்சின்கள் பலவற்றில் கரியைச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜ் ஃபில்டர் உண்டு. அதன் கிண்ணத்தைச் சுரண்டிக் கழுவலாம்.

சாக்கடையில் கொட்டுவது ஏரியில் போய்ச் சேரலாம். எடுத்துக்காட்டாக, பெங்களூருவின் ஈஜிபுரா பகுதி மழைநீர் பெல்லந்தூர் ஏரிப் பக்கம் வடிகிறது. 2015-இல் நுரையோடு தீப்பற்றிய ஏரி அது. ஆகவே பழைய ஆயிலையும் ஃபில்டர் கழுவிய மண்ணெண்ணெயையும் சாக்கடையில் கொட்டாமல், 2016 அபாயக் கழிவு விதிகளின்படி, அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்க்க வேண்டும்.