பினாங்குத் தமிழர்: பண்பாட்டேற்பும் அடையாளமும்

பினாங்குத் தமிழர் என்போர் மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், ஜோர்ஜ் டவுன் அமைந்த தீவிலும் எதிர்க்கரையான செபராங் பிறையிலும் வாழும் தமிழ்ச் சமூகத்தினர். மாநில மக்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் இந்திய வம்சாவளியினர். அவர்களில் பெரும்பாலோர் தமிழர். மலாய்க்காரர் வாயில் 'பெராய்' என ஒலிக்கும் ஆற்றங்கரை ஊரைத் தமிழர் 'பிறை' என்று எழுதி நிலவாக்கிக்கொண்டனர். வந்த இடத்தைத் தன்வயப்படுத்தும் வேலை ஊர்ப்பெயரிலிருந்தே தொடங்கிவிடுகிறது.

இரு பண்பாட்டினர் இடைவிடாமல் நேரடியாகப் பழகும்போது ஒரு தரப்பிலோ இரு தரப்பிலுமோ நேரும் மாற்றத்தைப் பண்பாட்டேற்பு என 1936இல் அமெரிக்க மானிடவியலாளர் மூவர் வரையறுத்தனர். பினாங்கில் அந்த மாற்றம் தமிழர் எல்லாருக்கும் ஒரே மாதிரி நேரவில்லை. வணிகனாக வந்தானா, கூலியாக வந்தானா, மனைவியோடு வந்தானா, எந்தச் சாமியைக் கும்பிட்டான் என்பவற்றைப் பொறுத்து ஒரே கரையிலிருந்து புறப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் வெவ்வேறு இனத்தவராகவே பதிவாயினர்.

கடாரம் எனப்பட்ட கெடாவைச் சோழர் வென்ற பெருமை மேடைப்பேச்சுக்கு உதவும். இன்றுள்ள குடும்பங்களின் கதைக்கு அது தொலைவு. கெடாவின் துறைகளில் சோழமண்டலக் கரையின் சூலியா முஸ்லிம் வணிகர் முன்பே இருந்தனர். 1786இல் ஆங்கிலேயரான பிரான்சிஸ் லைட் தீவைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகக் கைக்கொண்டதும் அவர்கள் இங்கே கடை பரப்பினர். 1790களில் லைட் எழுதிய குறிப்பொன்று, ஏறத்தாழ ஆயிரம் சூலியாக்கள் தங்கியிருந்ததையும், ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 ஆண்கள் கப்பலில் வந்து, உழைத்துப் பணம் சேர்த்துத் திரும்பியதையும் சொல்கிறது. அக்குறிப்பில் கவனிக்க வேண்டியது 'ஆண்கள்' என்பதுதான். நாகூரிலும் பரங்கிப்பேட்டையிலும் வீட்டை விட்டு வந்தவர்களில் பலர் இங்கே மலாய்ப் பெண்களை மணந்தனர். அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகளுக்குத் தாலாட்டு மலாயில், குழம்பு தந்தையூர்ப் பக்குவத்தில். ஜாவி பெக்கான் என்றும் பின்னர் ஜாவி பெரானாக்கான் என்றும் அழைக்கப்பட்ட இவர்கள் மலாய், ஆங்கிலம் இரண்டும் அறிந்தவர்களாக அலுவலகங்களிலும் அச்சுத்தொழிலிலும் முன்னுக்கு வந்தனர்.

சூலியாக்களின் தலைவர் காதர் முகைதீன் முன்னின்று 1801இல் எழுப்பிய பள்ளிவாசல் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் என இன்றும் நிற்கிறது. கலிங்கத்திலிருந்து பிறந்த 'கெலிங்' என்ற சொல் அன்று தென்னிந்தியரைச் சுட்டிய சாதாரணச் சொல். இன்று அதைக் கேட்டால் தமிழருக்குக் கோபம் வரும். அருகிலேயே நாகூர் ஷாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவாக ஒரு தர்கா உண்டு. ஊரைப் பிரிந்தவர்கள் ஊர்த் தெய்விகத்தையும் கொண்டுவந்து வைத்துக்கொண்டார்கள். தமிழ் எழுத்தும் கூடவே வந்தது: நாகூரைச் சேர்ந்த குலாம் காதிறு நாவலர் 1880களில் பினாங்கிலிருந்து 'வித்தியா விசாரிணி' இதழை நடத்தினார்.

தமிழ் முஸ்லிம்களிலேயே இன்னொரு போக்கும் உண்டு. கடையநல்லூர், தென்காசிப் பக்கத்தார் பின்னாளில் குடும்பத்தோடு வந்தனர். வீட்டில் தமிழ் பேசும் தாய் இருந்ததால் மொழி கூடுதல் தலைமுறைக்குத் தங்கியது. மொழி நிலைப்பதற்கு இதைவிட எளிய விளக்கம் தேவையில்லை என்றே தோன்றுகிறது. விடுதலை பெற்ற மலாயாவின் 1957 அரசமைப்போ வேறொரு கதவைத் திறந்தது. அதன் 160ஆம் பிரிவின்படி இஸ்லாத்தைத் தழுவி, வழக்கமாக மலாய் பேசி, மலாய் மரபைப் பின்பற்றுபவர் மலாய்க்காரர். தமிழ் வழிவந்த முஸ்லிம் குடும்பங்கள் பலவும் இவ்வழியாக மலாய்ச் சமூகத்தில் கலந்தன. இந்துத் தமிழருக்கும் கிறித்தவத் தமிழருக்கும் அந்தக் கதவு இல்லை. மலாய் எவ்வளவு சரளமாக வந்தாலும் அவர்கள் இந்தியரே.

கலப்பு ஒருவழிப்பாதையாகவும் இருக்கவில்லை. கடை, கப்பல், கட்டில், பெட்டி, சுருட்டு, முதல் ஆகிய தமிழ்ச் சொற்கள் மலாயில் கெடாய், காப்பால், காத்தில், பெத்தி, செருத்து, மொடால் ஆயின. மாமா 'மாமாக்' ஆகி ஒருவகை உணவகத்தின் பெயராகவே நின்றுவிட்டது. காவடிபோல் தோள்கம்பின் இருபுறமும் சோற்றையும் குழம்பையும் தொங்கவிட்டுத் துறைமுகத் தொழிலாளருக்கு விற்ற தமிழ் முஸ்லிம்களின் 'நாசி கண்டார்' இன்று பினாங்கின் அடையாள உணவு. அதைத் தமிழர் உணவென்று நினைத்து உண்பவர் குறைவு.

பிறைப் பக்கத்தின் வரலாறு வேறு. 1800இல் கெடாவிடமிருந்து பெறப்பட்ட இந்நிலப்பரப்பில், 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து கரும்புத் தோட்டங்கள் பெருகின. நாகப்பட்டினத்தில் கப்பலேறிய ஒப்பந்தக் கூலிகள் அங்கே இறக்கப்பட்டனர். பின்னர் ரப்பர் வந்தது, கங்காணி வழியே ஊரிலிருந்து ஆள் திரட்டும் முறை வந்தது. ஒப்பந்தமுறை 1910இல் நின்றது. கூலிகள் உதவிபெற்றுக் கப்பலேறுவதை இந்திய அரசு 1938இல் தடுத்தது. வந்திறங்கியவர்களை முதலில் ஜெரஜாக் தீவில் தடுத்துவைத்து நோய் பார்த்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரயில்பாதை பிறைவரை வந்தது. தண்டவாள வேலையிலும் தமிழர் நிறைந்தனர்.

தோட்டம் ஒரு தீவு. லயத்து வீடு, மாரியம்மன் கோயில், கள்ளுக்கடை, தமிழ்ப்பள்ளி எல்லாம் அதற்குள்ளேயே. மலாய்க்காரரோடு அன்றாடம் பழக வேண்டிய தேவை குறைவு. அதனால் மொழியும் வழிபாடும் ஊரில் இருந்தபடியே நின்றன, சாதியும் கூடவே நின்றது. 1929 இறுதியில் பெரியார் மலாயா வந்தபோது அவர் பேச்சுக்கு இங்கே காது கிடைத்ததில் வியப்பில்லை. பேச்சில் மட்டும் மலாய் நுழைந்தது. ரப்பர் 'கித்தா' ஆயிற்று, சீன முதலாளி 'தவுக்கே' ஆனார், கிராமம் 'கம்பம்' ஆயிற்று. சீனக் குடும்பங்கள் வளர்க்க இயலாமல் கொடுத்த பெண்குழந்தைகளைத் தமிழ்க் குடும்பங்கள் தத்தெடுத்ததும் உண்டு. முகம் சீன முகம், தாய்மொழி தமிழ் என்று அவர்கள் வளர்ந்தனர். பண்பாட்டேற்பைப் பேசும் நூல்கள் இவர்களை எந்தக் கட்டத்தில் வைக்கும் என்று கேட்கத் தோன்றுகிறது.

தீவில் செட்டியார்களின் நிலை இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. பினாங்கு வீதியின் கிட்டங்கிகளில் வட்டித்தொழில் நடத்திய நகரத்தார் குடும்பத்தைச் செட்டிநாட்டிலேயே வைத்திருந்தனர். தண்ணீர்மலை அடிவாரத்தில் 1857இல் அவர்கள் கட்டிய முருகன் கோயிலும், தைப்பூசத்துக்கு முந்தைய நாள் அங்கே செல்லும் வெள்ளி இரதமும் அவர்கள் இங்கே பதித்த முத்திரை. இரதம் வரும் வழியெங்கும் தேங்காய்களைக் குவியல் குவியலாக உடைப்பவர்களில் சீனர்களே மிகுதி என்று சொல்லலாம். குயின் வீதி மாரியம்மன் கோயில் அதற்கும் முந்தியது, 1833இல் எழுந்தது.

1957க்குப் பின் குடியுரிமை பெரிய கேள்வியானது. பத்திரம் இல்லாதவர்களுக்கு 1969ஐ ஒட்டி வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமாக, பல்லாயிரம் பேர் 'ரஜூலா' போன்ற கப்பல்களில் இந்தியா திரும்பினர். தங்கியவர்களின் அடையாள அட்டையில் தந்தை பெயரின் முதலெழுத்துக்குப் பதிலாக மகன் என்பதைக் குறிக்கும் மலாய்ச் சுருக்கம் நடுவில் வந்து உட்கார்ந்தது. 1970களில் பிறையில் தொழிற்பேட்டை வளர்ந்தது; தோட்டங்கள் ஒவ்வொன்றாக விற்கப்பட, லயத்தை விட்டவர்கள் ஆலை வேலைக்கும் அடுக்குமாடி வீட்டுக்கும் மாறினர். 1985இல் பாலம் திறந்தபோது பிறையும் தீவும் தரைவழியே இணைந்தன. தோட்டம் போனதும் அதன் தமிழ்ச்சூழலும் போயிற்று. பக்கத்து வீட்டார் மலாய்க்காரராகவோ சீனராகவோ ஆனார்கள்.

தமிழ்க்கல்வி 1816இல் பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் தொடங்கிய தமிழ் வகுப்பிலிருந்து எண்ணப்படுகிறது. 2016இல் இருநூறாவது ஆண்டு கொண்டாடப்பட்டது. மாநிலத்தில் இன்று 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. ஆறாம் ஆண்டோடு அவை முடிகின்றன. அதற்கு மேல் தமிழ் ஒரு பாடம் மட்டுமே, அதுவும் மாணவரும் பெற்றோரும் விரும்பிக் கேட்டால்.