சாம்பல் விற்ற நகரம்

டஸ்ட், ரப்பிஷ், கார்பேஜ், டிராஷ், ரெஃப்யூஸ், லிட்டர் என்று குப்பைக்கு வழங்கும் ஆங்கிலச் சொற்களை அகராதிக்காரர்கள் ஒரே வரிசையில் நிறுத்தி, ஒன்றுக்கு மற்றொன்றைப் பொருளாகச் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் அச்சொற்கள் வளர்ந்த தொழுவங்களிலும் சமையற்கட்டுகளிலும் வீதிகளிலும் சென்று விசாரித்தால், அவற்றில் பெரும்பாலானவை ஒரு காலத்தில் தனித்தனி வஸ்துவின் பெயராக இருந்தன என்பதும், அநேகமாக அந்த வஸ்துவுக்கு ஓர் உபயோகமும் அதை நாடி வருவோரும் இருந்தார்கள் என்பதும் விளங்கும்.

பதினைந்தாம் நூற்றாண்டு ஆங்கிலச் சமையற்காரனுக்குக் கார்பேஜ் என்றால் கோழியின் தலை, கால், ஈரல், இரைப்பை. அவற்றை வேகவைத்துப் பரிமாறும் பக்குவம் அக்காலத்துப் பாகசாஸ்திர ஏடுகளில் அதே பெயரோடு எழுதப்பட்டிருக்கிறது. எண்ணெய் அளக்கும் லிட்டருக்கு எவ்வகையிலும் உறவாகாத இந்த லிட்டர், படுக்கையைக் குறித்த பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்து, பல்லக்குக்கும், குதிரைக்கும் மாட்டுக்கும் படுக்கையாகப் பரப்பிய வைக்கோலுக்கும் பெயராயிற்று. அந்தக் கூளமும் சாணத்தோடு கலந்து வயலுக்கு எருவாகவே போயிற்று. மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் சோகையையும் சாறு பிழிந்த சக்கையையும் டிராஷ் என்று சொல்லிக் காயவைத்து, சர்க்கரை காய்ச்சும் கொப்பரைகளுக்கு அடியில் எரித்தார்கள். கரும்புச் சோகைக்கு ஆலைக்காரர்கள் இன்றும் அந்தச் சொல்லையே வழங்குகிறார்கள். ரப்பிஷ் பெரும்பாலும் இடிந்த கட்டடத்தின் செங்கலும் காரையும்.

இவ்வரிசையில் என் மனத்தை மிகவும் கவர்வது டஸ்ட். லண்டன்வாசிக்கு அது வெறும் தூசியன்று, அடுப்புச் சாம்பல். நியூகாசில் துறையிலிருந்து கப்பலேறி வந்த நிலக்கரியே அந்நகரத்து வீடுகளில் சமையலுக்கும் குளிர்காய்வதற்கும் எரிந்ததால், வீட்டை விட்டு வெளியேறிய கழிவில் பெரும்பகுதி சாம்பலாகவே இருந்தது. அதை வாரிக்கொண்டு போகும் உரிமைக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஒப்பந்தக்காரர்கள் வட்டாரச் சபைகளுக்குப் பணம் கட்டினார்கள். குப்பையை அகற்றுவதற்கு நகரம் கூலி கொடுக்கவில்லை, கொண்டுபோகிறவனிடம் விலை வாங்கிற்று என்பது இக்காலத்தவர் நின்று நினைக்கவேண்டிய விஷயம். மணியடித்துக் குரல் கொடுத்துக்கொண்டு வரும் வண்டிக்காரர் இருவர் சாம்பலைக் கூடையில் சுமந்து வந்து வண்டியில் கொட்ட, அது நகரத்தின் ஓரத்திலிருந்த கிடங்குகளில் குன்றாகக் குவியும். அங்கே தோலால் ஆன முன்னாடை கட்டிய பெண்கள் நாள் முழுவதும் சல்லடையால் சலித்தார்கள். நுண்ணிய சாம்பல் செங்கல் மண்ணோடு கலக்கவும், எரிந்து தீராத கரித்துண்டுகள் அதே செங்கலைச் சுடவும் சூளைகளுக்குப் போயின. உடைந்த ஓடும் சிப்பியும் சாலைகளுக்கு அடித்தளமாயின. எலும்பும் கந்தையும் பழம்பொருள் வியாபாரிகளைச் சேர்ந்தன. செருப்புத் தோல்கூட நீலச் சாயம் காய்ச்சுவோருக்கு விலையாயிற்று. லண்டன் தன் அடுப்புச் சாம்பலைக் கொண்டே தன் சுவர்களை எழுப்பிக்கொண்டது என்றால் மிகையாகாது. 1851-ல் வெளிவந்த தம் நூலில் பத்திரிகையாளர் ஹென்றி மேஹியூ இத்தொழிலை வேலை வேலையாகப் பிரித்து விவரித்திருக்கிறார். 1864-ல் தொடங்கிய டிக்கன்ஸின் நாவல் ஒன்றில் கதையையே நகர்த்தும் ஆஸ்தி இத்தகைய சாம்பற்குன்றுதான். ஆனால் அந்தப் பெண்களின் நெஞ்சுக்குள் புகுந்த தூள் எந்த ஒப்பந்தக்காரரின் கணக்கிலும் ஏறவில்லை என்பதையும் சொல்லாமல் இவ்வியாபாரத்தைப் புகழ எனக்கு மனம் வரவில்லை.

நகரம் பெருகப் பெருகச் சாம்பல் மலிந்து விலை இறங்கிற்று. பணம் கட்டிய ஒப்பந்தக்காரர்கள் பணம் கேட்கலானார்கள். காலரா பயத்தினால் சுகாதாரம் அரசாங்கத்தின் கடமையான பிறகு, குப்பை, வியாபாரிகளின் பாஷையிலிருந்து சட்டத்தின் பாஷைக்கு மாறிற்று. 1891-ல் லண்டனுக்கு ஏற்பட்ட பொதுச் சுகாதாரச் சட்டம் ரெஃப்யூஸ் என்ற பொதுச்சொல்லை எடுத்து, வீட்டுக் கழிவு, தொழிற் கழிவு, தெருக் கழிவு என மூன்றாக வகுத்தது. வீட்டுக் கழிவை அதிகாரிகள் அகற்றியே தீரவேண்டும். தொழிற் கழிவானால் உடையவன் கட்டணம் தரவேண்டும். கழிவு எது என்பதைவிட யாருடையது என்ற கேள்வியே அங்கே பிரதானமாயிற்று.

அட்லாண்டிக்குக்கு அப்பால் சொற்கள் இன்னும் கொஞ்சகாலம் தம் பழைய பேதத்தைக் காத்தன. 1895-ல் நியூயார்க்கின் தெருச் சுத்திகரிப்புப் பொறுப்பை ஏற்ற ஜார்ஜ் வேரிங், பெருக்குவோருக்கு வெள்ளைச் சீருடை அணிவித்ததோடு நில்லாமல், சாம்பல், கார்பேஜ், ரப்பிஷ் ஆகிய மூன்றையும் வீட்டார் தனித்தனியே வைக்கவேண்டும் என்று விதித்தார். ஈரமான சமையற்கழிவாகிய கார்பேஜ் பாரன் தீவுக்குச் சென்று, கொழுப்பாகவும் எருவாகவும் பிரிந்தது. உலர்ந்த ரப்பிஷிலிருந்து விலைபோகக்கூடியவை பொறுக்கப்பட்டன. அங்கே சொல்லின் பேதம் தெரியாத வீட்டுக்காரி தொட்டியைப் பிழையாக நிரப்பிவிடுவாள். அவ்வளவு கூர்மையாக இருந்தது அந்த வழக்கு.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில், புகைமூட்டத்தால் லண்டன் 1952-ல் பட்ட துயரத்தின் பயனாக 1956-ல் காற்றுத் தூய்மைச் சட்டம் வந்து, நிலக்கரி அடுப்புகள் அணைய ஆரம்பித்தன. சாம்பல் குறைந்து, காகிதமும் தகரமும் கண்ணாடியும் தொட்டிகளை நிரப்பின. அப்பொழுதுதான் தொழுவத்துக் கூளத்தின் பெயர், பொதுவிடத்தில் சிதறிக்கிடக்கும் குப்பைக்கு உரிய சட்டப் பெயராக உயர்ந்தது. பெண்கள் சங்கத்தார் 1954-ல் செய்த தீர்மானத்தை ஒட்டிப் பிரிட்டனில் தூய்மை இயக்கம் தோன்றிற்று. 1958-ல் லிட்டர் சட்டம் நிறைவேறி, எறிகிறவனுக்குப் பத்து பவுன் வரை அபராதம் ஏற்பட்டது. டஸ்ட் இன்ன வஸ்து என்று சொல்லிற்று, கார்பேஜும் அப்படியே. லிட்டரோ வஸ்துவைச் சொல்வதில்லை, அது கிடக்கத் தகாத இடத்தில் கிடப்பதையும் ஒருவன் எறிந்ததையுமே சொல்லுகிறது. எறிகிறவனுடைய ஒழுக்கம் முக்கியமானதே. ஆனால் அதையே பேசிக்கொண்டிருந்தால், எறிவதற்கென்றே பொருளைச் செய்து விற்கிறவனை யாரும் கேட்பதில்லை. அப்படிக் கேட்கத் துணிந்ததும் உண்டு: அமெரிக்காவில் வெர்மான்ட் மாகாணம் 1953-ல், திருப்பித் தரமுடியாத புட்டிகளில் பீர் விற்கக் கூடாது என்று சட்டம் செய்தது. அதே ஆண்டில், புட்டியும் டப்பாவும் செய்யும் நிறுவனங்களின் ஆதரவோடு தேசத்தை அழகாக வைத்திருக்கும்படி ஜனங்களுக்குப் போதிக்கும் ஒரு சங்கமும் தோன்றிற்று. வெர்மான்ட் சட்டம் 1957-ல் காலாவதியாயிற்று. 1972-ல் அந்த மாகாணம் வேறு வழியில் மீண்டும் சட்டம் இயற்றி, பீர் புட்டிக்கும் பானப் புட்டிக்கும் ஐந்து சென்ட் முன்பணம் வைத்து, காலிப் புட்டியைத் திருப்பிக் கொண்டுவருகிறவருக்கு அதைக் கொடுக்கும்படி செய்தது.