குடியரசுத் தலைவரின் இசைவும் வாளாமையும்

நாமக்கல் சமவெளியின் வயல்களுக்குக் காவிரிநீர் செல்லும் வாயில்களுள் ஒன்று ஜேடர்பாளையத்துப் படுகையணை. அவ்வணை ஆற்றுநீரை இராச வாய்க்காலுக்குத் திருப்புவதற்கு அமைந்ததேயன்றித் தேக்கிவைத்தற்கு அமைந்ததன்று. சட்டங்களுக்கு இசைவு நல்கும் குடியரசுத் தலைவரின் அதிகாரமும் அத்தகையதுதானா என்பதே ஈண்டு ஆராயப்படும் வினா.

அரசியற் சட்டத்தின் 53ஆம் உறுப்பு ஒன்றியத்தின் ஆட்சியதிகாரத்தைக் குடியரசுத் தலைவர்பால் வைக்கின்றது. 74ஆம் உறுப்பு அவர்க்கு அறிவுரை கூற அமைச்சரவையை வகுக்கின்றது. அவ்வறிவுரை அவரைக் கட்டுப்படுத்துமா என்பதை மூலச்சட்டம் வெளிப்படக் கூறிற்றிலது. இராசேந்திர பிரசாத் 1960இல் இதனை ஆய்வுக்குரிய வினாவாக எழுப்பினார். 1974இல் சம்சேர் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம், கட்டுப்படுத்தும் என்றே தெளிவுறுத்தியது. 1976ஆம் ஆண்டின் 42ஆம் திருத்தம் அதனைச் சட்டவாசகமாக்கிற்று. 1978ஆம் ஆண்டின் 44ஆம் திருத்தம், அறிவுரையை ஒருமுறை மறுஆய்வுக்கு அனுப்பும் உரிமையை வழங்கியது. அது மீண்டும் வருமாயின் அதன்படி ஒழுகுதலே கடன்.

எனினும் ஓர் இடைவெளி எஞ்சியது. இசைவளித்தற்கு 111ஆம் உறுப்பு நாள்வரையறை செய்யவில்லை. அஞ்சல்களை இடைமறிக்க அரசுக்கு விரிந்த அதிகாரம் தந்த 1986ஆம் ஆண்டின் அஞ்சல் திருத்த மசோதாவை, செயில் சிங் இசையாதும் திருப்பாதும் வைத்திருந்தார். அவருக்குப் பின்வந்த தமிழரான இரா. வெங்கட்ராமன் 1990இல் அதனை நாடாளுமன்றத்துக்குத் திருப்பியனுப்பினார். அது சட்டமாகவேயில்லை. இருவர் செயலின் பயனும் ஒன்றே, நெறியோ வேறு. முன்னது காரணம் கூறாத வாளாமை. பின்னது மன்றத்தை மீண்டும் எண்ணச் செய்த வெளிப்படைச் செயல்.

அன்று உரிமை காத்த வாளாமை, பிறிதொருநாள் மக்கள் தேர்ந்த சட்டமன்றத்தின் முடிவையும் முடக்கக்கூடும். தமிழ்நாட்டு மசோதாக்கள் பற்றிய வழக்கில் 2025 ஏப்பிரல் 8ஆம் நாள், 201ஆம் உறுப்பின்கீழ் வரும் மசோதாக்களுக்கு மூன்று திங்கள் எல்லை வகுக்கப்பட்டது. குடியரசுத் தலைவர் 143ஆம் உறுப்பின்வழிக் கருத்து வினவவே, அவ்வாண்டு நவம்பர் 20ஆம் நாள் ஐவர் அமர்வு, நீதிமன்றம் கால எல்லை விதித்தல் இயலாது என்று கருத்துரைத்தது.

ஆகவே, இவ்வதிகாரத்தின் எல்லை இன்றும் பெரிதும் அரசியல் மரபையே சார்ந்து நிற்கின்றது. ‘பெரியாரைத் துணைக்கோடல்’ என ஓர் அதிகாரமே வகுத்த தமிழ்மரபு, ஆள்வோன் அறிவுரையை நாடுதலைச் சிறுமையாகக் கருதவில்லை. திருப்பியனுப்புதல் அவ்வறிவுரையின்பாற்படும்; தேக்கிவைத்தல் அதன்பாற்படாது என்க.