கல்லறைகளைப் பார்த்தபடி ஒரு குருமனை

'ஜேன் ஐர்', 'வுதரிங் ஹைட்ஸ்' நாவல்களைக் கேள்விப்பட்டிருப்பீங்க. அவற்றை எழுதிய ப்ராண்டி சகோதரிகள் வளர்ந்த வீட்டுக்குள்ள இன்னைக்கு ஒரு நடை போயிட்டு வருவோம்.

இங்கிலாந்தின் யார்க்ஷயர் மலைக்கிராமம் ஹாவொர்த். சர்ச் பாதிரியாருக்காக 1778-79ல் கட்டிய குருமனை இது. 1820ல் பேட்ரிக் ப்ராண்டி மனைவி, ஆறு குழந்தைகளோடு குடிவந்தார்.

முகப்பு அளவெடுத்து வரைஞ்ச மாதிரி இருக்கும். நடுவில் கதவு, இருபுறமும் இரண்டிரண்டு ஜன்னல், மாடியில் ஐந்து. சுவர், தரை எல்லாமே கல். தீ விபத்துக்குப் பயந்த பேட்ரிக் ஜன்னலுக்குத் திரைச்சீலைகூட வேண்டாம்னுட்டார். அந்த ஊர் குளிருக்கு அது எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க!

உள்ளே நுழைந்ததும் வலப்பக்கம் அப்பாவின் அறை, இடப்பக்கம் சாப்பாட்டு அறை. ராத்திரியில் சகோதரிகள் மூவரும் அந்த மேசையைச் சுற்றி நடந்துகிட்டே கதை பேசினது இங்கேதான்.

ஜன்னல் வழியா என்ன தெரியும்? கல்லறைத் தோட்டம். வீட்டை இரண்டு பக்கம் சூழ்ந்திருக்கு.

ஊரில் சாவு அதிகம், நல்ல தண்ணீர் வேணும்னு பேட்ரிக் விடாம மனு போட்டார். 1850ல் பெஞ்சமின் பாபேஜ் ஆய்வுக்கு வந்தார் (கணினி முன்னோடி சார்லஸ் பாபேஜின் மகன்). சாக்கடை கிடையாது. மொத்த ஊருக்கும் 69 கழிப்பிடம்தான். இறப்பவர்களின் சராசரி வயது 25.8. ஆறு வயதுக்குள் இறந்தவர்கள் 41.6 சதவீதம்!

"அப்போ கல்லறைத் தண்ணிதான் குடும்பத்தையே கொன்னுச்சா?"னு கேட்பீங்க. அசுத்தத் தண்ணீரால் வர்றது டைபாய்டு, வயிற்றுப்போக்கு. எமிலிக்கும் ஆனுக்கும் வந்தது காசநோய். அது இருமும்போது காற்றில் பரவும். ஜன்னல் சாத்தின அறையில் ஒரே காற்றைப் பகிர்ந்த குடும்பம் அது. 1848 செப்டம்பரில் தம்பி பிரான்வெல், டிசம்பரில் எமிலி. 1849 ஜனவரியில் லீட்ஸிலிருந்து வந்த டாக்டர் டீல், இதே வீட்டில் ஸ்டெதஸ்கோப் வைத்து ஆனைப் பரிசோதித்தார். நோய் முற்றியிருந்தது. மே மாதம் அவரும் போயிட்டார். மருந்துனு அப்போ எதுவும் கிடையாது.

அதுக்கப்புறம் தனியா மிஞ்சின சார்லட், சாப்பாட்டு அறையைப் பெரிசாக்கி, சிவப்புத் திரைச்சீலை மாட்டினார். அவரும் 1855ல் மறைந்தார். அப்பா மட்டும் அந்த வீட்டிலேயே 84 வயது வரை வாழ்ந்து, 1861ல் இறந்தார்.

1928 முதல் அது மியூசியம். போனீங்கன்னா, முகப்பின் வலப்பக்கம் துருத்தி நிற்கும் பகுதியை போட்டோவில் விட்டுடுங்க. அது அடுத்து வந்த பாதிரியார் 1878ல் சேர்த்தது.