பொம்மைப் பெயர் வந்த கதை

2023 ஜூன் மாதம். பெங்களூரில் வேலை பார்க்கும் என் பேத்தி நாலு நாள் இங்கே வந்திருந்தாள். விடுமுறை என்று பெயர்தான். காலையில் காபி ஆறி ஆடை கட்டிக்கிடக்க, மடிக்கணினியை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஒரு எழுத்துகூட மாத்தலை தாத்தா. நேத்து பாஸ் ஆன டெஸ்ட் இன்னிக்கு ஃபெயில்."

அது என்ன டெஸ்ட் என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். இவர்கள் நிரலில் ஒரு வரியைத் திருத்தினாலும் எங்கோ இருக்கும் ஓர் இயந்திரம் புத்தம்புது கணினி ஒன்றைத் தயார் செய்கிறதாம். அதில் லினக்ஸை நிறுவி, நிரலை ஓட்டிப் பார்த்து, தேறியதா இல்லையா என்று சொல்லிவிட்டு எல்லாவற்றையும் அழித்துவிடும். அடுத்த முறை மறுபடி முதலிலிருந்து. பக்கத்தில் மனிதர் யாரும் இல்லை. எந்த லினக்ஸ் என்று ஒரு தாளில் எழுதி வைத்ததைத்தான் ஒவ்வொரு முறையும் அது படிக்கிறது.

"நீ என்னம்மா எழுதி வச்சிருக்கே?"

"டெபியன் ஸ்டேபிள்."

ஸ்டேபிள் என்றால் நிலையானது. அது எப்படி ஒரே இரவில் மாறும்? அவள் சொன்ன பதிலும், பிறகு நான் தேடிப் படித்ததும் சேர்ந்துதான் இந்தக் கட்டுரை.

டெபியனை 1993 ஆகஸ்டில் தொடங்கியவர் இயன் மர்டாக் என்ற அமெரிக்க மாணவர். காதலி டெப்ராவின் பெயரையும் தன் பெயரையும் ஒட்டி டெபியன் என்றார். ஊர் ஊராக இருந்த தன்னார்வலர்கள் அதை வளர்த்தார்கள். 1995 கடைசியில் 1.0 என்ற பதிப்பு தயாராகிக்கொண்டிருந்தது. அரைகுறைதான், ஆனால் கோப்புகள் எல்லாரும் பார்க்கும் இடத்தில் இருந்தன. குறுந்தகடு விற்கும் நிறுவனம் ஒன்று அதை முடிந்த சரக்கென்று எண்ணித் தகட்டில் பதித்து, 1.0 என்று போட்டு விற்றுவிட்டது. அது சரியான பதிப்பல்ல என்று டிசம்பரில் அறிவிக்க வேண்டியதாயிற்று. இதனால் டெபியனில் 1.0 என்ற பதிப்பே முறைப்படி வெளிவரவில்லை. 1996 ஜூனில் நேரே 1.1 வந்தது.

அந்த அனுபவத்தில் பிறந்ததுதான் புனைபெயர் ஏற்பாடு. தயாரிப்பில் இருக்கும்போது எண் கிடையாது, ஒரு பெயர் மட்டும். அப்போது தலைமையில் இருந்த புரூஸ் பெரன்ஸ் பிக்சார் நிறுவனத்தில் வேலை செய்தவர். பிக்சாரின் 'டாய் ஸ்டோரி' படம் அப்போதுதான் வந்திருந்தது. பொம்மைகளின் பெயர்களையே வைத்துவிட்டார்கள்: பஸ், ரெக்ஸ், போ, ஹாம், வுடி. படத்தில் பொம்மைகளை உடைக்கும் பக்கத்து வீட்டுப் பையன் சிட். எப்போதும் உடைந்துகொண்டே இருக்கும் நிலையற்ற கிளைக்கு அவன் பெயர். ரசனையுள்ள ஆட்கள்!

ஸ்டேபிள் என்பது பெயரல்ல, பதவி. இன்று யார் நாற்காலியில் இருக்கிறாரோ அவரைக் காட்டும் கைகாட்டி. 2023 ஜூன் 10 அன்று புல்ஸ்ஐ இறங்க, புக்வோர்ம் ஏறி உட்கார்ந்தது. புல்ஸ்ஐயில் பைத்தான் 3.9, புக்வோர்மில் 3.11. துணைக் கருவிகளைப் பழைய வழியில் நிறுவப் புதியவர் விடவில்லை. பேத்தியின் டெஸ்ட் விழுந்தது அங்கேதான்.

உபுண்டுவின் வழி வேறு. 2004 அக்டோபரில் வந்ததற்கு 4.10 என்று ஆண்டும் மாதமும் எண்ணிலேயே இருக்கிறது. 2006 ஏப்ரலில் வரவேண்டியது ஜூனுக்குத் தள்ளிப்போனதால் 6.06 ஆயிற்று. குமாஸ்தாவான எனக்கு இதுதான் பிடிக்கிறது. ஆனால் அதற்கும் செல்லப்பெயர்கள் உண்டு. செனியலுக்குப் பின் வந்தது பயோனிக் என்றால் யாருக்குப் புரியும்? அகரவரிசை 'இசட்' வரை போய் மறுபடி 'ஏ'யில் தொடங்கியதாம்.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்களுக்கு பாரிசின் 'பொன் நஃப்' நினைவிருக்கும். பெயர் புதுப் பாலம். 1607இல் கட்டி முடித்தது. இன்று சேன் நதியில் அந்நகரின் மிகப் பழைய பாலம் அதுதான். நம் ஊர்ப் பெயரிலும் ஒரு 'புது' இருக்கிறது.

எனக்கே ஓர் அனுபவம் உண்டு. வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு குடும்ப ஓய்வூதியக் குறிப்பில் 'நடப்பு விதிகளின்படி' என்று எழுதினேன். அரசாணை எண்ணும் தேதியும் போடவில்லை. கோப்பு மேலிடத்தைச் சுற்றி வருவதற்குள் விதி மாறிவிட்டது. எந்த நடப்பு என்று கேட்டுக் கோப்பு திரும்பி வந்தது. அந்த அம்மாள் எட்டு மாதம் நடந்தார். ஒவ்வொரு முறையும் என் மேசைக்கு எதிர் பெஞ்சில்தான் உட்காருவார். கோபித்திருந்தால்கூடத் தேவலை.

பேத்தி 'ஸ்டேபிள்' என்பதை அடித்துவிட்டு 'புல்ஸ்ஐ' என்று எழுதினாள். டெஸ்ட் தேறிவிட்டது. ஆனால் அதற்கும் கெடு உண்டு என்றாள். ஒரு பதிப்புக்கு மூன்றாண்டு முழு ஆதரவு, நீட்டிப்பும் சேர்த்தால் சுமார் ஐந்தாண்டு. அப்புறம் கோப்புகளைப் பழஞ்சரக்கு அறைக்கு மாற்றிவிடுவார்கள். பழைய முகவரியில் தேடும் இயந்திரம் வெறுங்கையோடு திரும்பும்.

பக்கத்திலேயே '2026க்குள் மாற்றவும்' என்று ஒரு குறிப்பு எழுதினாள். தேதியும் சுருக்கொப்பமும் போடு என்றேன். சிரித்துக்கொண்டே போட்டாள்.