கடைசி நூறு மீட்டர்

போன வாரம் பாத்தாம் தீவுக்கு மேலே, 7,000 அடி உயரத்தில், உங்களை அந்தரத்தில் விட்டுவிட்டுப் போனேன். வாரம் முழுக்கத் திட்டியிருப்பீர்கள். வாருங்கள், விட்ட இடத்துக்கே போவோம்.

2010. தீபாவளிக்கு முதல் நாள் காலை, பத்து மணி. தேக்காவில் கடைசி நேரச் சாமான் வாங்கும் கூட்டம். சாங்கியிலிருந்து சிட்னிக்குக் கிளம்பிய குவாண்டாஸ் 32, அந்த ஏ380 ராட்சதன், 469 பேரோடு மேலே ஏறிக்கொண்டிருக்கிறது.

டமார்! மறுபடியும் டமார்!

இடப்பக்க உள் என்ஜினில் ஒரு டர்பைன் தட்டு உடைந்து, இறக்கையைத் துளைத்துக்கொண்டு பறந்துவிட்டது.

ஏன் உடைந்தது? இதைச் சொல்லாமல் மேலே நகர முடியாது. டர்பைனின் வாசலில் நிற்பவை நாசில் அலகுகள். அவற்றின் மீது பாயும் வாயுவின் சூடு, அந்த உலோகம் உருகும் சூட்டையும் தாண்டியது. பிறகு எப்படி உருகாமல் நிற்கின்றன? அலகுகளிலும், அவற்றை மேலும் கீழும் பிடித்திருக்கும் சுவர்களிலும் பொடிப்பொடித் துளைகள். கம்ப்ரஸரிலிருந்து திருப்பிவிட்ட காற்று அவற்றின் வழியே வந்து, உலோகத்தின் மேல் மெல்லிய படலமாகப் பரவும். குளிர்காற்று என்று பேர்தான். அதுவே பல நூறு டிகிரி!

அலகைக்கூடக் காத்துவிடலாம். சுவரைக் காப்பதுதான் பெரும்பாடு. அலகின் அடியில் மோதும் வாயு சுழலாகத் திரும்பி, அந்தப் படலத்தைச் சுவரிலிருந்து கிளப்பி ஓரமாக இழுத்துப் போய்விடும். துளையை எந்த இடத்தில், எந்தச் சாய்வில் போடுவது என்பதிலேயே ஆயுளைக் கழித்த பொறியாளர்கள் உண்டு.

இவ்வளவு காவலும் முன்வாசலுக்கு.

நெருப்பு வந்ததோ கொல்லைப்புறமாக!

என்ஜினுக்குள் பேரிங்குகளுக்கு எண்ணெய் கொண்டுபோகும் சின்னக் குழாய் ஒன்று. தயாரிக்கும்போதே அதன் உட்புறத்தை மையம் விலகிக் கடைந்துவிட்டார்கள். ஒரு பக்கம் மெலிந்தது. நாளடைவில் விரிசல். கசிந்த எண்ணெய், அங்கே நிறைந்திருந்த சூடான காற்றிலேயே பற்றிக்கொண்டது. தீ சுட்ட தட்டு தண்டிலிருந்து பிரிந்து, தறிகெட்டுச் சுழன்று சிதறியது.

இதெல்லாம் பின்னால் விசாரணையில் தெரிந்தது. அந்த நேரத்தில் கேப்டன் ரிச்சர்ட் டி கிரெஸ்பினியின் கண்முன்னே திரையில் எச்சரிக்கைக்கு மேல் எச்சரிக்கை. விமானி அறையில் ஐந்து பேர். அவரைச் சோதிக்க ஒருவர். சோதிப்பவரைச் சோதிக்க இன்னொருவர்! மற்ற நாளில் தலைவலி. அன்று வரம்.

உடனே இறங்கவும் வழியில்லை. எரிபொருள் நிறைந்த விமானம். எச்சரிக்கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து முடிக்கவே ஐம்பது நிமிடம். அதுவரை வட்டமடித்தார்கள். இடது இறக்கை ஒழுகிக்கொண்டே இருந்தது.

ஒரு கட்டத்தில் கேப்டன், என்னென்ன போயிற்று என்று எண்ணுவதையே விட்டுவிட்டார். என்ன மிச்சம்? அதை வைத்துப் பறப்போம். அன்று நடந்தவற்றிலேயே பெரிய காரியம் இதுதான் என்பேன். மற்றதெல்லாம் பயிற்சி, இது துணிச்சல்.

அந்த ஐவரில் ஒருவரான டேவிட் எவன்ஸ் கணினியில் இறங்கும் தூரத்தைக் கணக்குப் போட்டார். முதல் தடவை விடையே வரவில்லை. விவரங்களைத் திருத்தி மறுபடி போட்டார். முடியும். 4 கிலோமீட்டர் ஓடுபாதையில் நூறு மீட்டர் மிஞ்சும்.

நூறே மீட்டர்!

அனுமதித்த எடையைவிடச் சுமார் 50 டன் கூடுதலோடு சக்கரங்கள் சாங்கியைத் தொட்டன. ரிவர்ஸ் ஒரே ஒரு என்ஜினில்தான். கேப்டன் பிரேக்கை அழுத்தினார். இன்னும் அழுத்தினார். பாதை தீர்ந்துகொண்டே வருகிறது.

நின்றது.

பொறுங்கள், கைதட்ட நேரமில்லை. பிரேக்குகளின் சூடு 900 டிகிரி. நான்கு டயர்களில் காற்று இல்லை. அதற்குப் பக்கத்திலேயே எரிபொருள் கொட்டுகிறது. ஒரு பொறி போதும். கேப்டன் என்ஜின்களை நிறுத்துகிறார். தீயணைப்புப் படையோ கிட்டே வராமல் தயங்கி நிற்கிறது. முதல் என்ஜினை ஏன் இன்னும் நிறுத்தவில்லை என்று கேட்கிறார்கள்.

நிறுத்தியாயிற்றே!

மறுபடி சுவிட்சைத் தட்டினார்கள். தீ சுவிட்சையும் அழுத்திப் பார்த்தார்கள்.

முதல் என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது.

தொடரும்